பம்பரமும் ஈயக் குண்டும்



எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனின் மாமா, பட்டணத்துத் துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினர். வழக்கமான குண்டால் குறி தவறாமல் அடித்துவந்த அவருடைய காற்றுத் துப்பாக்கி, புதிதாக வாங்கிய ‘ஸ்லக்’ குண்டைப் போட்டதும் தாளெங்கும் சிதறி அடித்ததாம். “துப்பாக்கி கெட்டுப்போச்சா, சார்?” என்று கேட்டான்.

கெடவில்லை. வழக்கமான குண்டு இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும். பூப்பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படி அடித்தாலும் தக்கை முன்னே, இறகு பின்னே என்று அது திரும்பிக்கொள்கிறதல்லவா? இக்குண்டையும் காற்றே நேராக்குகிறது. ஸ்லக்கோ நீண்டு திரண்ட ஈயத்துண்டு, பாவாடை கிடையாது. சுழற்சி ஒன்றே அதற்குத் துணை. கயிறு சுற்றி விட்ட பம்பரம் வேகமாகச் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறது, தளர்ந்தால் தள்ளாடுகிறது. அதே கதைதான்.

சுழற்சியைத் தருபவை குழாயினுள் திருகாணிபோல் வெட்டிய வரிகள். குண்டு அவற்றைக் கவ்வ வேண்டும். மெலிந்தால் காற்று ஓரமாகக் கசியும். பருத்தால் உராய்ந்து வேகம் குறையும். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறு மாறினாலே குறி மாறும். அதனால்தான் 5.5 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு 0.216, 0.217, 0.218 அங்குலம் என்று தனித்தனியாக ஸ்லக் விற்கிறார்கள்.

குழாயைச் சுத்தம் செய்து, துப்பாக்கியை மணல்மூட்டையில் தாங்கி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். நெருங்கி விழும் அளவு தெரிந்தபின், காற்றடைத்து வைக்கும் வகைத் துப்பாக்கியானால், சுத்தியல் ஸ்பிரிங்கைச் சிறிது இறுக்கியோ தளர்த்தியோ வேகத்தை மாற்றலாம். ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். குறி பார்க்கும் கண்ணாடியைக் கடைசியில்தான் தொட வேண்டும். பலர் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். சிதறும் குண்டுகளைக் கண்ணாடி கூட்டிச் சேர்க்குமா? சில குழாய்களுக்கு ஸ்லக் ஒத்தே வராது. அப்போது பழைய குண்டே மேல்.

ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது.

“லயத்துக்குப் பின்னால மரத்துல தாள ஒட்டிச் சுடலாமா, சார்?” என்றும் கேட்டான். கூடாது என்றோம். ஸ்லக் எளிதில் வேகம் இழக்காது. குறி தப்பினால் வெகுதூரம் போகும். மரங்களுக்கு அப்பால் பால் வெட்டிக்கொண்டு யார் நிற்கிறார்களோ! மேலும், நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே, உரிமம் வேண்டும்.

மாமா கழகத்து மண்மேட்டின் முன் 0.217ஐப் போட்டுப் பார்த்தாராம். பையன் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். ஐந்து துளைகளையும் ஓர் இருபது காசு மூடியது.