கையை உயர்த்துவதா, சீட்டைப் பெட்டியில் இடுவதா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

நிர்வாகத் தேர்வு நெருங்கும் ஒவ்வொரு முறையும் மஹல்லாக்களில் ஒரு கேள்வி எழுகிறது. பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்தச் சொல்லித் தேர்ந்தெடுப்பதா? அல்லது பெயர் எழுதாத சீட்டைப் பெட்டியில் இடச் செய்வதா? இக்காலத்தில் இதே கேள்வி கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு வாட்ஸ்அப்பில் அறிமுகமான வாக்கெடுப்பு, யார் எதைத் தேர்ந்தார் என்பது குழுவினர் அனைவருக்கும் தெரியும்படியே அமைந்தது. டெலிகிராமிலோ பெயரை மறைத்துக் கருத்துக் கேட்கும் வசதி உண்டு. கருவி எதுவாயினும் கேள்வி ஒன்றே: வாக்களிப்பவரின் பெயர் வெளியே தெரிய வேண்டுமா, கூடாதா?

பகிரங்கமாகவே வாக்களிக்க வேண்டும் என்போர் கூறும் வாதம் இலேசானதன்று. வாக்கு என்பது ஒரு சாட்சியம். மார்க்க மேதை முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள், வாக்களிப்பதில் சாட்சியம், பரிந்துரை, வகாலத் ஆகிய மூன்று தன்மைகளும் அடங்கியுள்ளன என விளக்கியுள்ளார்கள். சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனத்தில் வந்துள்ள கட்டளை. அவ்வாறிருக்க, மறைவாக வாக்களிப்பது சாட்சியத்தை மறைப்பதாகாதா? நேர்மையாளன் எவருக்கு அஞ்ச வேண்டும்?

நியாயமான வினா. ஆனால் அதற்கு முந்தைய 282ஆம் வசனத்தையும் சேர்த்து ஓத வேண்டும். எழுதுபவருக்கோ சாட்சிக்கோ தீங்கு இழைக்கப்படலாகாது என அதே இறைமறை அங்கே தடுத்திருக்கிறது. சாட்சியம் சொல்ல வேண்டும் என்பது ஒரு கடமை. சொன்னவரைத் துன்புறுத்தாமல் காப்பது சமுதாயத்தின் மீதுள்ள மற்றொரு கடமை. சீட்டை எழுதிப் பெட்டியில் இட்டவர் சாட்சியத்தை மறைக்கவில்லை; கேட்க வேண்டிய இடத்தில் முழுமையாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு அதைத் தெரிவிக்கும் கடமை அவருக்கு இல்லை.

துன்பம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். நமது வட்டாரத்தையே எண்ணிப் பாருங்கள். பஞ்சாலையிலும் பேண்டேஜ் துணி நெய்யும் தறியிலும் கடைகளிலும் வேலை செய்பவர்கள் நம்மில் ஏராளம். முதலாளி முன் வரிசையில் அமர்ந்து ஒருவருக்காகக் கையை உயர்த்தும்போது, பின் வரிசையில் உள்ள தொழிலாளி மற்றவருக்காகக் கையை உயர்த்துவாரா? கைமாற்று வாங்கியவர், கடன் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டாரா? மகளின் நிக்காஹுக்கு ஜமாஅத்தின் தஃப்தர் வர வேண்டும். மையத்து விழுந்தால் மையவாடியில் இடம் வேண்டும். இவ்வாறு வாழ்வும் மௌத்தும் ஜமாஅத்தோடு பிணைந்திருக்கும் ஓர் ஏழை, எண்ணப்படுவோரின் முன்னிலையில் எண்ணியதைச் சொல்லத் தயங்குவது இயல்பு. அவரைக் கோழை என்பது எளிது. அவருடைய இடத்தில் நிற்பது கடினம்.

இதற்கு நாயக வாழ்விலேயே அழகிய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குப் பின் ஹவாஸின் கூட்டத்தார் தம் கைதிகளைத் திருப்பித் தருமாறு வேண்டி நின்றார்கள். விட்டுக் கொடுக்க மனமுள்ளவர் விட்டுக் கொடுக்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கேட்டபோது, மனமுவந்து இசைகிறோம் என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் முழங்கியது. அம்முழக்கத்தோடு பெருமானார் முடிவெடுத்துவிடவில்லை. உங்களில் இசைந்தவர் யார், இசையாதவர் யார் என்பது நமக்குத் தெரியவில்லை. திரும்பிச் செல்லுங்கள், உங்கள் பொறுப்பாளர்கள் விசாரித்து வந்து தெரிவிக்கட்டும் என்னும் கருத்துப்படக் கூறி அனுப்பினார்கள். பொறுப்பாளர்கள் சென்று பேசி, அனைவரும் மனமொப்பினர் என்று வந்து சொன்ன பின்னரே காரியம் நிறைவேறிற்று. இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. கூட்டத்தின் குரல் வேறு, தனிமனிதனின் சம்மதம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எவர் உணர்த்த முடியும்?

மற்றொன்றையும் கவனியுங்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தமக்குப்பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு ஸஹாபாக்களிடம் ஒப்படைத்தார்கள். கி.பி. 644இல் அப்பணியை மேற்கொண்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், உறக்கத்தைத் துறந்து மக்களின் கருத்தைக் கேட்டறிந்தார்கள். இறுதி இரவில் அலீ (ரலி) அவர்களிடம் தனியாகவும், பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களிடம் தனியாகவும் ஃபஜ்ரு பாங்கு வரை உரையாடினார்கள். அதன்பின் பள்ளிவாசலில் அனைவர் முன்னிலையிலும் உஸ்மான் (ரலி) அவர்களுக்குப் பைஅத் நடைபெற்றது. கருத்தறிதல் தனிமையில், முடிவும் பைஅத்தும் பகிரங்கத்தில். பைஅத் வெளிப்படையாக நடந்ததைக் காட்டி, கருத்தறிதலும் வெளிப்படையாகவே நடக்க வேண்டும் என வாதிடுவது பொருந்தாது.

உலகமும் பட்டறிந்தே இந்த இடத்திற்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் தம் தேர்வை வாய்விட்டே அறிவித்தனர். நில உடைமையாளரின் எதிரே குத்தகைக்காரர் எவ்வாறு பேசியிருப்பார் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856லேயே மறைவு வாக்குமுறையைக் கொண்டு வந்தன. நமது நாட்டில் 1951-52இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் பொறித்த தனிப்பெட்டி வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிறர் துணையின்றி வாக்களிக்க வழி செய்தார்கள். எவருக்கு வாக்களித்தாய் என்று எவரையும் சாட்சிக் கூண்டில்கூட வற்புறுத்த முடியாது என 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு பாதுகாக்கிறது.

எனினும், எல்லா வாக்கும் மறைவாகவே இருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பொறுப்பை ஏற்றவரின் வாக்கு வேறு. மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் தம் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும் என 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் அதை ஏற்றுக்கொண்டது. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் நம்பிக்கைத் தீர்மானத்தின்போது இரகசிய வாக்கெடுப்புக் கோரப்பட்டது. பேரவைத் தலைவர் அதனை ஏற்கவில்லை. 122 பேர் ஆதரவாகவும் 11 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அதில் எவர் பக்கம் நியாயம் என்பது பள்ளிவாசலில் பேசும் பொருளன்று. நமக்கு வேண்டிய பாடம் இதுவே: மக்களால் அனுப்பப்பட்டவர் தம்மை அனுப்பியவர்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆகவே வக்ஃபு சொத்தின் வாடகையைக் குறைப்பதற்கோ, கட்டட ஒப்பந்தம் வழங்குவதற்கோ நிர்வாகக் குழு வாக்களித்தால், எவர் எப்பக்கம் நின்றார் என்பது தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு பதிவாக வேண்டும். சாதாரண ஜமாஅத்தாருக்கு மறைவு, நிர்வாகிக்கு வெளிச்சம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பெயரில்லாத வாக்கு ஆகும். பெயரில்லாத குற்றச்சாட்டு ஆகாது. ஒருவர் மீது மொட்டைக் கடிதாசி எழுதுவதும், யாரென்று தெரியாத எண்ணிலிருந்து அவதூறு பரப்புவதும் வாக்குச்சீட்டின் மறைவோடு ஒப்பிடத் தக்கவை அல்ல. வாக்கு எவருடைய மானத்தையும் பறிப்பதில்லை. குற்றம் சுமத்துபவரோ தம் பெயரோடும் சான்றோடும் முன்வர வேண்டும். செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பித்திருக்கிறது.

மறைவு வாக்கில் மோசடி நுழையாதா என்ற அச்சத்திற்கு நம் தமிழ் மண்ணிலேயே விடை உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, சபையோர் கேட்க வாசிக்க வேண்டும். அது குலுக்கல் முறையே ஆயினும், கையில் வேறு ஓலையை ஒளித்திருக்கவில்லை என்பதை ஊரே காணும்படி செய்த ஏற்பாடு நமக்கும் உகந்தது.

எனவே ஜமாஅத்தின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம். உறுப்பினர் பட்டியல் முன்கூட்டியே பள்ளியின் பலகையில் ஒட்டப்படட்டும். சீட்டில் கையொப்பமோ தொடர் எண்ணோ வேண்டாம்; படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகச் சின்னம் இருக்கட்டும். தெருவுக்கொரு பெட்டி வைக்காமல் ஒரே பெட்டி வைப்போம். தெருவாரியாக எண்ணினால் தெருவின் மீதே கோபம் திரும்பும். இதே காரணத்தால்தான் பல வாக்குச்சாவடி இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. எண்ணுவது மட்டும் அனைவர் முன்னிலையிலும், ஒவ்வொரு சீட்டையும் உயர்த்திக் காட்டி நடக்கட்டும். இமாமை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தாலும் இதே முறையே நடக்கட்டும். எமக்காகக் கை உயர்த்தியவர் எவர், உயர்த்தாதவர் எவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தொழவைக்கும் நிலை எமக்கு வேண்டாம்.

அன்பர்களே! தேர்தல் ஒரு நாளில் முடிந்துவிடும். ஸஃப்பு ஐவேளையும் கூடும். தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்கள் ஒருவர் ஸலாமுக்கு மற்றவர் பதில் சொல்லாமல் முகம் திருப்புவார்களாயின், எவர் வென்றும் பயனில்லை. ஆலோசனையில் வாய்திறந்து பேசுவோம். வாக்கை அல்லாஹ்வுக்கு அஞ்சி மறைவில் அளிப்போம். முடிவைப் பகிரங்கமாக ஏற்போம். பெட்டியில் இட்ட சீட்டை மனிதர் அறியார்; அல்லாஹ் அறிவான் என்ற அச்சம் ஒன்றே அந்த மறைவுக்குக் காவல்.

வல்ல நாயன் நமது ஜமாஅத்தை ஒற்றுமையுடன் வாழச் செய்வானாக! அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.