ஐநூறு ரூபாய்க் கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தாம்பரம் சானடோரியத்தில் என்னோடு வேலை பார்த்த ஓர் அக்கா, மாதம் 500 ரூபாய் சம்பள உயர்வு என்றதும், "வேணாம் சார், கைக்காசு போயிடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கல்லூரியில் கற்ற கணக்கை வைத்துக் கூட்டிக் கழித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்தார்கள். அக்கா வீட்டு வருமானம் 2,46,000. சம்பளத்தில் கூடுவது 6,000. எல்லையைத் தாண்டினால் போவது 12,000!

2021 மே மாதம் வந்த பெண்களுக்கான இலவச பஸ் பயணத்தைப் பாருங்கள். அங்கே கண்டக்டர் சம்பளச் சீட்டு கேட்கவில்லை. அதனால் சம்பளம் கூடினாலும் அந்த மிச்சம் அப்படியே நின்றது.

உதவியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆயிரத்தில்தான் அக்கா வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. ஒரேயடியாக வெட்டாமல், வருமானம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே! திடீர்ப் பள்ளம் இருந்தால் சரிவு கட்டித் தருவதுதானே எஞ்சினீயர் வேலை?

நாளை அரசுப் பணிக்குப் போகும் தம்பி தங்கைகளே, விதி எழுத உட்காரும்போது இந்த 500 ரூபாயை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.