பாதரட்சை வழக்கு



கூட்டங்களில் யாதொரு ஏற்பாட்டையும் மாற்றவேண்டுமென்று பேச்செழுந்தால், “தொன்றுதொட்டு இப்படித்தான்” என்ற சொல்லே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அது எந்த விதியில் இருக்கிறதென்று கேட்பார் இல்லை. புதுச்சேரியில் ஒருவர் கேட்டார்.

1873-ம் வருஷம் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வக்கீல், ஐரோப்பியர் பாணியில் காலுறையும் பாதரட்சையும் அணிந்து அந்நகரத்து நியாயஸ்தலத்திற்குச் சென்றார். இந்தியர் பாதரட்சையைக் கழற்றிவிட்டே உள்ளே வருதல் அங்கே வழக்கம். ஐரோப்பியருக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. நீதிபதி ஆட்சேபித்தார். பிள்ளையவர்கள் இணங்கவில்லை. வழக்கு கடல் கடந்து பாரிஸிலுள்ள உச்ச நியாயஸ்தலம் வரையில் சென்று, அவருக்குச் சாதகமாகவே தீர்ந்தது.

காலில் அணிவது அற்ப விஷயந்தானே என்பாருண்டு. அற்பமாயின் அதைத் தடுப்பதற்கு அவ்வளவு பிடிவாதம் எதற்கு? நெடுநாட் பழக்கமானது அவமதிப்பையே மரியாதையென்று எண்ணச் செய்துவிடும்; செய்பவரையும் அப்படியே, படுபவரையும் அப்படியே.

1881-ம் வருஷத்து ஆணையொன்று, தங்கள் ஜாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க இந்தியருக்கு வழி திறந்தது. முன்வந்தோரில் பிள்ளையவர்கள் முக்கியமானவர். அவர் ஏற்ற புதுப் பெயர் லாபோர்த். பிரெஞ்சில் ‘வாயில்’ என்று பொருள். ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை. 1884-ல் ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, ஏனையோருக்கு ஒன்று என வாக்காளர் பட்டியலை மூன்றாக வகுத்துவிட்டார்கள். சமத்துவம் தேடி வந்தவருக்குக் கிடைத்தது மற்றொரு தனி வரிசை!

வெள்ளைக்கார நீதிபதியைக் குறைகூறுதல் எளிது. தமிழ்நாட்டுக் கிராமங்களில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே மேல்தெருவைக் கடக்கவேண்டுமென்று சக தமிழரைக் கட்டாயப்படுத்தியவர்கள் பாரிஸிலிருந்து வந்தவர்களல்லர்.

சங்கத்தின் உபவிதிகளை எடுத்துப் பாருங்கள். பத்துப் பங்கு வாங்கியவருக்கும் ஒரு பங்கு வாங்கியவருக்கும் ஒரே வோட்டு. சேரியிலிருந்து வரும் அங்கத்தினர் திண்ணைக்குக் கீழே நின்றபடி கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டுமென்று அதில் ஒரு வரியேனும் உண்டா? வட்டியை மாத்திரம் எல்லோரிடமும் ஒரே கணக்காய் வாங்குகிறோம்.

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு இடம் குறிக்குமுன், காரியதரிசியானவர் அவ்வீட்டுத் திண்ணையில் எல்லா அங்கத்தினரும் ஏறி உட்காரக்கூடுமா என்று விசாரித்துக்கொள்வது நலம். கூடாதென்றால், பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் இருக்கிறது.