ஏரித்தொடரும் ஏட்டுத்தொடரும்

(தாம்பரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசுத் தரவும் தமிழ் மக்களும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தரவு என்பது 'தா' என்னும் வினையடியாகப் பிறந்த நல்ல தமிழ்ச்சொல். கலிப்பாவின் உறுப்பாக நாம் முன்பே அறிந்த சொல்லும் அதுவே. தரப்படுவது தரவு. ஆனால் இற்றைநாள் அரசு அலுவலகங்களில் உள்ளதோ பெரும்பாலும் தரப்படாத தரவு. தரப்படுவதும் துண்டு துண்டாகவே தரப்படுகின்றது. அத்துண்டுகளை இணைத்துத் தருக, தமிழிலே தருக என்பதே என் உரையின் சாரம்.

முதலில் நம் மண்ணைப் பாருங்கள். சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் மிகைநீர் செம்பாக்கம் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி இறங்கி, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியே விட்டாரல்லர், தொடராகக் கட்டினர். மேலேரியின் கலிங்கு கீழேரிக்கு வழிகாட்டும். இடையிலுள்ள கால்வாய் தூர்ந்தால் நீர் ஊருக்குள் புகும்.

இனி, அவ்வேரிகளைப் பற்றிய ஏடுகளைப் பாருங்கள். புல எண்ணும் பரப்பும் வருவாய்த் துறையில். கரையும் கலிங்கும் நீர்வளத் துறையில். சூழ்ந்துள்ள தெருக்களும் மழைநீர் வடிகால்களும் மாநகராட்சியில். நீரின் மாசளவு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில். பெய்த மழையின் அளவு வானிலை ஆய்வு மையத்தில். ஐந்தும் ஓர் ஏரியைப் பற்றியவையே. ஆயினும் ஓர் ஏட்டை மற்றோர் ஏடு அறியாது. ஏரிகளுக்கிடையே கால்வாய் வெட்டிய இனம், ஏடுகளுக்கிடையே கால்வாய் வெட்டவில்லை!

இதனால் யாருக்கு என்ன இழப்பு என வினவலாம். நம் மேற்குப் புறத்தில் 2015 திசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏரியின் நீர்மட்டம் ஒரு துறையிலும், மழையளவு வேறொரு துறையிலும், தெருவின் தாழ்வுயர்வு மூன்றாவது துறையிலும் கிடந்தால், நள்ளிரவில் நீர் வாயிற்படிக்கு வருமுன் ஓர் இல்லத்தலைவி எதைக் கண்டு முடிவெடுப்பாள்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்திசை செல்வாள்? செய்தி இணையாமை ஏதோ எழுத்தர் குறையன்று, அஃது உயிர்க்குறை.

இக்குறைக்கு மருந்து காட்டியோர் உளர். வையவிரி வலையைப் படைத்த ஆங்கில அறிஞர் திம் பெர்னர்சு-இலீ, 2006-இல் இணைப்புத் தரவு என்னும் நெறியை வகுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும், ஏரியாயினும் தெருவாயினும் பள்ளியாயினும், வலையில் மாறாத முகவரி ஒன்று தருக; அம்முகவரியை நாடுவோர்க்கு அப்பொருளைப் பற்றிய செய்தி கிடைக்கச் செய்க; அச்செய்திக்குள்ளேயே தொடர்புடைய பிற பொருள்களின் முகவரிகளையும் கட்டுக. இவையே அந்நெறியின் உயிர்நிலை. ஏரித்தொடரின் நெறியும் இதுவன்றி வேறென்ன?

2010-இல் அவர் ஐந்து விண்மீன்களாகப் படிநிலையும் வகுத்துரைத்தார். யாரும் பயன்கொள்ளும் உரிமத்துடன் வலையில் இடுதல் முதற்படி. கணிப்பொறி படித்தறியும் அட்டவணையாக இடுதல் இரண்டாவது. ஒரு குழுமத்தின் மென்பொருளுக்கு அடிமையாகாத பொதுவடிவில் இடுதல் மூன்றாவது. பொருள்களுக்கு முகவரி தருதல் நான்காவது. பிறர் தரவோடு இணைத்தல் ஐந்தாவது. தாளைப் படமெடுத்து வலையில் ஒட்டிவிட்டு, 'வெளியிட்டுவிட்டோம்' என்போர் முதற்படியையே தாண்டாதவர்.

இங்கே தமிழுக்குரிய ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். குரோம்பேட்டை என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஓரெழுத்துக் கூட்டியும், ஒருவர் குறைத்தும் எழுதுவர். கணிப்பொறிக்கு அவை இரண்டு ஊர்கள்! 2020 சூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. ஆங்கில எழுத்தையே ஊரின் அடையாளமாகக் கொள்ளும்வரை இத்தடுமாற்றம் தீராது. இணைப்புத் தரவிலோ அடையாளம் வேறு, பெயர் வேறு. அடையாளம் மாறா முகவரி. அதன்மேல் தமிழ்ப்பெயரும் பிறமொழிப் பெயரும் நிகராக நிற்கும். தமிழ் அங்கே பின்னொட்டன்று. 2010-இல் ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றபின், கணிப்பொறியில் தமிழ் ஓடாது என்னும் சாக்கும் செல்லாது.

ஆட்சி எல்லைகளும் மாறுகின்றன. 2019-இல் காஞ்சிபுரத்தினின்று செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தது. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி 70 வட்டங்கள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2011 மக்கள்தொகைக் கணக்கோ பழைய எல்லையில் எடுக்கப்பட்டது. பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் இணைக்காவிடில், ஓர் ஊர் வளர்ந்ததா தேய்ந்ததா என்று எவ்வாறு அறிவது?

கணக்கைப் பொதுவில் வைத்தல் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஏரி வாரியத்துக்கும் பிற வாரியங்களுக்கும் குடவோலையால் ஆள் தேரும் முறையை அவை கூறும். முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அங்கே கண்ட விதி. அவ்வவை அந்தணர்க்கே உரியதாயிருந்தது. கல்வெட்டு நடையும் வடசொற் கலப்புடையது. அக்குறைகளை நாம் மறைக்க வேண்டா. ஆயினும், விதியைப் பூட்டிய பெட்டகத்துள் வையாமல் கோயிற் சுவரில் வெட்டிய நெறி போற்றற்குரியது.

இற்றைச் சட்டமும் நம் பக்கமே. 1997-இலேயே தமிழ்நாடு இதற்கெனச் சட்டம் இயற்றியது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, கேளாமலே வெளியிடும் கடமையை அலுவலகங்கள்மேல் வைக்கின்றது. வட்டார மொழியைக் கருத்திற் கொள்ளவும் சொல்கின்றது. 2012-இல் நடுவணரசு தரவுப் பகிர்வுக் கொள்கையையும் வெளியிட்டது. தனி மாந்தரின் நோயும் வருவாயும் வெளிவரத் தேவையில்லை. ஏரியும் சாலையும் பள்ளியும் பொதுச்சொத்து, அவற்றின் கணக்கும் பொதுச்சொத்தே.

எனவே தோழர்களே, மூன்று பணிகள் செய்வோம். நம் பகுதி ஏரிகளின் புல எண், பரப்பு, கலிங்கு, நீர்வழி ஆகியவற்றை ஒரே முகவரியில் இணைத்துத் தமிழில் வெளியிடுமாறு மாநகராட்சிக்கும் துறைகளுக்கும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதுவோம். மாணவரைக் கொண்டு, முதியோர் நாவில் மட்டும் வாழும் கால்வாய், மதகு, தாங்கல் பெயர்களைத் திரட்டுவோம். 2012 முதல் இயங்கும் விக்கித்தரவில் அவற்றுள் சான்றுள்ளவற்றைத் தமிழ்ப் பெயரோடு பதிவோம்.

தூர்ந்த கால்வாயைத் திறந்தால் ஏரி பிழைக்கும். மூடிய ஏட்டைத் திறந்து இணைத்தால் ஊர் பிழைக்கும். கேட்பது நம் உரிமை. தமிழில் கேட்பது நம் கடமை.