பள்ளிவழி ஆய்வுகளும் பிரிட்டன் தமிழ்ப் பெற்றோரும்

மருத்துவமனை ஆய்வில் நோய் வந்தவர்களின் கணக்கே கிடைக்கும். நோய் எந்த வயதில் வேர் பிடிக்கிறது என்பதை அறிய, நோயில்லாத பிள்ளைகளையும் சேர்த்து அளக்க வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடுவது பள்ளியில்தான் என்பதால் ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள்.

பிரிட்டனில் வாழும் தெற்காசியருக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் மற்றவர்களைவிட அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. அது எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்குப் பள்ளிகளிலிருந்து வலுவான விடை வந்தது. லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர் நகரங்களின் ஏறத்தாழ 200 தொடக்கப் பள்ளிகளில் 2004 முதல் 2007 வரை 'சேஸ்' ஆய்வு நடந்தது. 9, 10 வயதுப் பிள்ளைகளின் உயரம், எடை, உடற்கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தமும் எடுத்தார்கள். 4,796 பிள்ளைகளின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. தெற்காசியப் பிள்ளைகளின் ரத்தத்தில் இன்சுலினும் டிரைகிளிசரைடும் அந்த வயதிலேயே கூடுதலாக இருந்தன. நல்ல கொழுப்பு குறைவாக இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கில் வெள்ளையினப் பிள்ளையும் தெற்காசியப் பிள்ளையும் ஒரே அளவில் இருந்தாலும், தெற்காசியப் பிள்ளையின் உடலில் கொழுப்பு அதிகம். ஒல்லியாகத் தெரியும் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று நினைக்கும் வீடுகளுக்கு இது மிக முக்கியமான செய்தி. தம் பிள்ளைக்கு ஊசி குத்தச் சம்மதித்த பெற்றோர் இல்லாவிட்டால் இது தெரிந்திருக்காது.

தரவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நுரையீரல் அளவீடு சான்று. 2012இல் வெளியான உலகளாவிய நுரையீரல் அளவுகோலில் இந்தியத் துணைக்கண்டத்தவருக்கெனத் தனி வரையறை இல்லை. போதிய, ஒத்திசைவான தரவு கிடைக்காததே காரணம். இன வாரியான அளவுகோலே கூடாது என்ற வாதம் இப்போது வலுத்திருக்கிறது. அந்த வாதத்தைத் தீர்க்கவும் எல்லா இனப் பிள்ளைகளின் அளவுகளும் வேண்டும்.

தமிழருக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் ஆகியோருக்குத் தனிக் கட்டங்கள் உண்டு. இலங்கைத் தமிழர் பெரும்பாலும் 'பிற ஆசியர்' என்ற கட்டத்துக்குள் போகிறார்கள்; தமிழ்நாட்டுத் தமிழர் 'இந்தியர்' என்பதில் கரைந்துவிடுகிறார்கள். பல ஆய்வுகளும் இதே கட்டங்களைப் பின்பற்றுவதால், கலந்துகொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் சிலவே என்றால் தனியாகச் சொல்ல எதுவும் மிஞ்சாது. வீட்டு மொழியைக் கேட்கும் இடத்தில் தமிழ் என்று எழுதுவது சிறிய செயல்தான். பிறகு தரவைப் பிரித்துப் பார்க்க அது உதவும்.

பிள்ளையின் புத்தகப்பையில் வரும் ஒப்புதல் படிவம் பல வீடுகளில் படிக்கப்படாமலே போகிறது. ஆங்கிலம் சரளமாக இல்லாதது ஒரு காரணம். அகதியாக வந்த குடும்பங்களுக்கு, கொடுக்கும் விவரம் எந்த அலுவலகத்துக்குப் போகுமோ என்ற அச்சம் உண்டு. பிள்ளையைச் சோதனை எலி ஆக்குகிறார்களோ என்ற கவலையும் உண்டு. இந்தக் கவலைகள் நியாயமானவை. அவற்றுக்கு விடை கேட்பது பெற்றோரின் உரிமை. இத்தகைய ஆய்வு தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். படிவத்துடன் வரும் தகவல் தாளில், என்ன அளக்கப்படும், விவரங்களை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பவை இருக்க வேண்டும். காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினால் பள்ளியில் எந்தப் பாதிப்பும் வரக்கூடாது. பெற்றோர் சம்மதித்த பிறகும், பிள்ளை வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சில வினாத்தாள் ஆய்வுகளில் பெற்றோர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அதையே சம்மதமாகக் கொள்வார்கள். ஆகவே படிக்காமல் விடுவது மறுப்பதற்குச் சமம் ஆகாது.

இங்கே தமிழ்ச் சங்கங்களுக்கும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வேலை இருக்கிறது. தகவல் தாளைத் தமிழில் தரும்படி கேட்பது, ஆய்வாளர்களை அழைத்துப் பெற்றோரின் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்ல வைப்பது, தாத்தா பாட்டிகளும் புரிந்துகொள்ளும்படி விளக்க ஒருவரை அமர்த்துவது ஆகியவை சங்கத்தால் முடியும். ஆய்வு முடிந்ததும் முடிவுகளை இதே சமூகத்துக்குத் தமிழில் வந்து சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையை, ஒப்புதல் கொடுக்கும் நேரத்திலேயே ஆய்வுக் குழுவிடம் எழுத்தில் வைப்பது நல்லது.