ஆண்டு பிறக்க ஓர் அரசாணை
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



ஜனவரி முதல் தேதி வருஷம் பிறப்பது இயற்கை விதியல்ல. பிரான்ஸில் அது அரசாங்க உத்தரவால் வந்தது.

16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாரீஸில் ஈஸ்டரன்றுதான் ஆண்டு எண் மாறும். வேறு சில ஊர்களில் கிறிஸ்துமஸ் அன்று, இன்னும் சிலவற்றில் மார்ச் 25. ஈஸ்டரோ மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் வரும். ஆகவே ஒரு வருஷம் 330 நாள், இன்னொன்று 400 நாள்! ஒரே வருஷத்தில் ஏப்ரல் 10 இரண்டு தடவை வரலாம். பத்திரங்களில் 'ஈஸ்டருக்கு முன்', 'ஈஸ்டருக்குப் பின்' என்று எழுதிச் சமாளித்தார்கள். கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அந்தக் குமாஸ்தாக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

1564-இல் ஒன்பதாம் சார்லஸ் மன்னர் ஜனவரி 1 என்று உத்தரவிட்டார். அப்போது அவருக்கு வயது 14. பாரீஸ் உயர்நீதிமன்றம் இழுத்தடித்து, 1567-இல்தான் அமலாக்கியது. அதனால் அங்கே 1566-ஆம் வருஷம் ஏப்ரல் 14-இல் பிறந்து டிசம்பர் 31-இல் முடிந்துவிட்டது. எட்டரை மாத வருஷம்!

புரட்சிக்காரர்கள் 1793-இல் இதையும் மாற்றினார்கள். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாளே வருஷப் பிறப்பு. விஞ்ஞானம் படித்த எனக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வாரத்தைப் பத்து நாளாக்கி, ஓய்வைப் பத்தாம் நாளுக்குத் தள்ளினார்கள். உழைப்பவன் பொறுப்பானா? நெப்போலியன் 1806 ஜனவரி 1 முதல் பழைய காலண்டரையே கொண்டுவந்தார்.

'எத்ரென்' என்ற புத்தாண்டு அன்பளிப்பு மட்டும் ரோமானியர் வழியாக வந்து நிலைத்திருக்கிறது. வருஷக் கடைசியில் தபால்காரர் காலண்டரோடு வீடு வீடாக வருவார். அவரவர் இஷ்டப்படி கொடுப்பார்கள். நம் தபால்காரர் தீபாவளிக்கு வருவாரே, அதே மாதிரிதான்.