சேசிஸை வாங்கு, பாடியைக் கட்டு: முதல் டிஜிட்டல் ஆடியோ ப்ராஜெக்ட்

இந்த வாரம் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்கலாம். ராசிபுரத்துல இருந்து இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணா, சொந்தமா ஒரு யூஎஸ்பி டிஏசி டிசைன் பண்ணப் போறேன். 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ். சால்டரிங் இப்பதான் கத்துக்கிட்டு இருக்கேன். எந்தச் சிப் வாங்கட்டும்?"

படிச்சு எனக்குச் சிரிப்பு வரல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே கேள்வியோடதான் சுத்திக்கிட்டு இருந்தேன்.

புதுசா கேக்கறவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். பாட்டு ஃபைல்ல இருக்கிறது வெறும் எண்கள். சிடி தரம்னா நொடிக்கு 44,100 எண்கள், இடது பக்கத்துக்குத் தனியா, வலது பக்கத்துக்குத் தனியா, ஒவ்வொண்ணும் 16 பிட். அந்த எண்களை மின்னழுத்தமா மாத்தறது டிஏசி. அதை ஸ்பீக்கரை அசைக்கிற அளவுக்குப் பெருசாக்கறது ஆம்ப்ளிஃபையர்.

இப்ப என் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பரமத்தி வேலூர் பக்கம் அமுச்சி வீட்டுல இருந்த பழைய ரேடியோ பழுதாகிப் போச்சு. காலையில எழுந்ததும் அப்புச்சிக்கும் அமுச்சிக்கும் பாட்டு ஓடியாகணும். போன்ல போட்டுக் கொடுத்தா, தோட்டத்து வேலை செஞ்சு காய்ச்சுப்போன விரலுக்கு டச் ஸ்க்ரீன் சரியா வேலை செய்யல. "விடுங்க, நானே ஒரு பாட்டுப் பொட்டி செஞ்சு தர்றேன்"னு வீறாப்பா சொல்லிட்டேன்.

அதுக்கு நான் என்ன வாங்கினேன் தெரியுமா? ஒரு எஃப்பிஜிஏ போர்டு, ரெசிஸ்டர் மூணு பாக்கெட். ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி கோத்து, 'ஆர்-2ஆர்' முறையில டிஏசியையே நானே கட்டறதா திட்டம். கணக்கு அப்புறம்தான் உறைச்சது. 16 பிட்டுல 65,536 படிகள் இருக்கு. மேல் பிட்டுக்கான ரெசிஸ்டர்ல வர்ற பிழை அரைப் படிக்குள்ள அடங்கணும்னா, அது சுமார் 0.0015 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கடையில சாதாரணமா கிடைக்கிறது 1 சதவீத ரெசிஸ்டர். அதை வெச்சு ஆறு, ஏழு பிட் ஒழுங்கா வந்தாலே பெரிசு.

அப்புறம் திட்டத்தை மாத்தி யூஎஸ்பி டிஏசி. சிப்போட கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில இருந்தது. நான் வெச்ச ஈயம் எல்லாக் காலையும் ஒண்ணா சேர்த்துடுச்சு. ரெண்டு போர்டு போச்சு. ரெண்டு வருஷம், பதினாலாயிரம் ரூபாய், ஒரு சத்தம்கூட வரல.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அமுச்சி கேக்கும்: "அந்தப் பாட்டுப் பொட்டி என்னாச்சு சாமி?" ரெண்டாவது வருஷம் ஆடி மாசத்துல அப்புச்சி தவறிட்டார். அவர் அந்தப் பொட்டியைக் கேக்கவே இல்ல. அதுக்கப்புறம் அமுச்சியும் அதைப் பத்திக் கேக்கறதை விட்டுடுச்சு.

என் புத்தியை மாத்தினது ஒரு லாரி. மாமா புது லாரி எடுத்து, பாடி கட்ட நாமக்கல்ல ஒரு பட்டறையில விட்டிருந்தார். கூடப் போயிருந்தேன். பார்த்திருப்பீங்க, கம்பெனியில இருந்து சேசிஸ் மட்டும் வரும். இன்ஜின், சக்கரம், ஸ்டீயரிங், அவ்வளவுதான். கேபினும் பின்னாடி சரக்குப் பாடியும் பட்டறையில கட்டுவாங்க. ஒருத்தர் மரம் இழைக்கிறார், ஒருத்தர் வெல்டிங், ஒருத்தர் பெயிண்ட். நான் என் டிஏசி கதையைப் புலம்பிக்கிட்டே இருந்தேன். மாமா கேட்டார்: "இன்ஜினையும் நாமளே வார்க்கணும்னா, லாரி எப்ப மாப்ள ரோட்டுக்குப் போறது?"

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கும் அப்படித்தான். லாரி சேசிஸ் வெளிய இருந்து வருது, மேல ரிக் ஏறுது. அதனால அது திருச்செங்கோட்டு வண்டி இல்லன்னு யாராவது சொல்வாங்களா?

நான் செஞ்ச தப்பு இதுதான்: டிஏசி, யூஎஸ்பி, பிசிபி, நுண் சால்டரிங், எஃப்பிஜிஏ, அஞ்சு புது விஷயத்தை ஒரே நேரத்துல எடுத்தேன். சத்தம் வரலைன்னா அஞ்சுல எது தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால முதல் ப்ராஜெக்ட்டுக்கு மூணு கேள்வி போதும். இதை யார் கேக்கப் போறாங்க? இதுல எனக்குப் புதுசு எத்தனை? முதல் சனி, ஞாயிறுலயே ஏதாவது ஒரு சத்தம் வருமா?

நான் கடைசியா எடுத்த சேசிஸ் இது. ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ஒரு மேக்ஸ்98357ஏ மாட்யூல், ஒரு 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆச்சு. அந்தச் சின்ன மாட்யூலுக்குள்ளயே டிஏசியும் ஆம்ப்ளிஃபையரும் இருக்கு. 5 வோல்ட் கொடுத்தா 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 வாட் அளவுக்குத் தரும். மோனோதான். அமுச்சிக்கு ஸ்டீரியோ எதுக்கு?

ரெண்டுக்கும் நடுவுல போறது ஐ2எஸ். 1986-ல் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்ட முறை. மூணே கம்பி: ஒவ்வொரு பிட்டுக்கும் தட்டற கடிகாரம், இடதா வலதான்னு சொல்ற கம்பி, எண்கள் போற கம்பி. ஒரே போர்டுக்குள்ள சிப்புக்குச் சிப் பேசறதுக்காக வந்தது, அதனால வயரை விரல் நீளத்துல வெச்சுக்கோங்க. மீட்டர் கணக்குல இழுக்காதீங்க.

முதல் நாள் பாட்டைத் தொடவே வேண்டாம். கோடுல ஒரு சைன் அலை, 440 ஹெர்ட்ஸ், 'பீ...'ன்னு ஒரே சத்தம். அது சுத்தமா வந்தா வயரிங் சரி. அடுத்து எஸ்டி கார்டுல ஒரு வேவ் ஃபைல். அப்புறம் எம்பி3. கடைசியா வால்யூம் குமிழ். ஒரு படி ஓடினப்புறம்தான் அடுத்த படி.

நான் மாட்டிக்கிட்ட இடங்களையும் சொல்லிடறேன். ஆம்ப்ளிஃபையருக்கு 3.3 வோல்ட் பின்ல இருந்து கரண்ட் எடுத்தேன், பாட்டு உச்சத்துக்குப் போறப்பெல்லாம் போர்டு ரீஸ்டார்ட் ஆச்சு. 5 வோல்ட்ல கொடுத்ததும் நின்னுடுச்சு. 48,000 வேகத்துல பதிவான ஃபைலை 44,100-ன்னு செட் பண்ணி ஓட்டினா, எட்டு சதவீதம் மெதுவாகி, பாடறவருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி குரல் இறங்கும். ஸ்பீக்கரோட ரெண்டு கம்பியில எதையும் கிரவுண்டுல சேர்க்கக் கூடாது, சிப் போயிட வாய்ப்பு இருக்கு.

ப்ளூடூத் ஸ்பீக்கர் செய்யணும்னா, வாங்கறப்பவே கவனிங்க. பழைய அசல் ஈஎஸ்பி32-ல போன்ல இருந்து பாட்டு வாங்கற ப்ளூடூத் இருக்கு. எஸ்3, சி3 வகையில இருக்கிறது பிஎல்இ மட்டும், அதுல அந்த வேலை ஆகாது. வீட்டுல ஏற்கெனவே நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தா பிசிஎம்5102ஏ மாட்யூல் எடுங்க. அது லைன் அவுட் மட்டும்தான் தரும், நேரா ஸ்பீக்கர்ல மாட்டினா ஓடாது.

இன்னொரு நல்ல விஷயம், எல்லாமே போன் சார்ஜர்ல ஓடுது. நம்ம ஊர்ல முந்தின தலைமுறை 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு ஆம்ப்ளி அசெம்பிள் பண்ணிப் பழகினாங்க. அதுல 230 வோல்ட் பக்கத்துலயே இருக்கும். முதல் ப்ராஜெக்ட்டுல அந்தப் பயம் வேண்டாம்.

மூணு வார இறுதியில பொட்டி முடிஞ்சது. கொண்டுபோய்த் திண்ணையில வெச்சேன். முழுசா ரெண்டு பாட்டு கேட்டுட்டு அமுச்சி சொன்னது: "சத்தம் நல்லாத்தான் இருக்குது சாமி. இந்தக் குமிழை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாம்." அடுத்த தடவை போனப்ப மாத்திக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க அப்புச்சி இருந்திருந்தா இந்நேரம் இதை யார் கையிலயும் குடுத்திருக்க மாட்டாரு"ன்னு சொல்லுச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ராசிபுரம் தம்பி, உங்க யூஎஸ்பி டிஏசியை விட்டுடச் சொல்லல. அதை நாலாவது ப்ராஜெக்ட்டா வெச்சுக்கோங்க. இப்போதைக்கு எதையும் வாங்கறதுக்கு முன்னாடி, அதை யார் கேக்கப் போறாங்கன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. சைன் அலை வந்ததும் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, இந்த ஷோவுலயே போடறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.